சத்தத்தை மட்டும்தான் நிறுத்தினேன்

மார்ச் 11

காலைக் கூட்டத்தில் எங்கள் மேனேஜர் ஜெயச்சந்திரன், "மாசக் கடைசில சாஃப்ட்வேர் ஆடிட் வர்றாங்க. அதுக்குள்ள புரோகிராம்ல ஒரு வார்னிங்கூட இருக்கக் கூடாது" என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்துத் தொலைத்தேன். வேலை என் தலையில் விழுந்தது. இத்தனை வருஷம் வேலை பார்த்தும், கூட்டத்தில் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனி செய்வது கோழிப்பண்ணைக்கான கண்ட்ரோலர் பெட்டி. இப்போதைய கறிக்கோழிச் செட்டுகள், அதாவது கொட்டகைகள், நாலு பக்கமும் அடைத்தவை. ஒரு பக்கம் வரிசையாகப் பெரிய ஃபேன்கள், மறுபக்கம் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர். ஃபேன் ஓடுகிறதா, உள்ளே சூடு எவ்வளவு என்று எங்கள் பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது பிசகினால், கரண்டே போனாலும், சொந்த பேட்டரியில் ஓடித் தன்னிடம் உள்ள சிம்மிலிருந்து பண்ணையில் இருப்பவர்களுக்குப் போன் அடிக்கும். கோயம்புத்தூர் வெயிலில் மூடிய செட்டில் ஃபேன் நின்றால், ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரத்தில் கோழி செத்துவிடும்.

பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதியது. அந்த மொழியில் எந்த வேலையைச் செய்யச் சொன்னாலும், முடிந்ததா அல்லது பிழையா என்று ஒரு பதில் திரும்பி வரும். அதை நாம் வாங்கிப் பார்க்காமல் போனால், 'பதிலைப் பார்க்காமல் விட்டிருக்கிறாய்' என்று, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் மஞ்சள் எழுத்தில் முணுமுணுக்கும். அதுதான் வார்னிங். வேலையை ஒன்றும் நிறுத்தாது. என் மாமியார் மாதிரி, முணுமுணுப்போடு சரி. அப்படிப்பட்ட முணுமுணுப்பு எங்கள் புரோகிராமில் நூற்றுச் சொச்சம் இருக்கிறது. அத்தனையையும் வாயடைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் இங்கே இன்வெர்ட்டர் பீப் பீப் என்கிறது. என் வீட்டுக்காரர் தயாளன், "பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும் கோகி, ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்றார். அவருடைய ஞாயிற்றுக்கிழமை எது என்று எனக்குத் தெரியும். இன்வெர்ட்டரில் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன், நின்றது.

மார்ச் 12

பார்க்காத பதிலை எப்படித் தூக்கிப் போடுவது என்று இன்று காலை முழுக்கச் சண்டை. பதிலை வேண்டாம் என்று சொல்வதற்கு ரஸ்ட்டில் பல வழி. வரியின் முன்னால் let _ = என்று போடலாம். வரியின் கடைசியில் .ok() என்று ஒட்டலாம். drop என்று எழுதி அதற்குள் பதிலைத் திணித்துவிடலாம். மூன்றுமே குப்பைத் தொட்டிதான், மூடி மட்டும் வேறு.

ஜெயச்சந்திரனுக்கு .ok() பிடிக்கும். "சின்னதா, அழகா இருக்கு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓகே என்று எழுதிவைப்பது, பரீட்சையில் ஃபெயிலான பையன் வீட்டுக்கு லட்டு வாங்கி வருவது போல. let _ = என்று எழுதினால், 'பதில் வந்தது, தெரிந்தேதான் தூக்கிப் போடுகிறேன்' என்று ஒப்புக்கொள்வதாகிறது. குப்பையிலும் ஒரு நேர்மை வேண்டும் என்றேன். கம்பைலரே தன் முணுமுணுப்பின் அடியில் 'வேண்டாம் என்றால் let _ = போட்டுக்கொள்' என்று யோசனை சொல்கிறது என்பதையும் காட்டினேன்.

டெஸ்டிங் பார்க்கும் நஸ்ரின் மட்டும் கடைசியில், "அக்கா, தூக்கிப் போடாம, பிழைன்னு வந்தா ஒரு வரி பதிவு எழுதி வெச்சா என்ன?" என்று கேட்டாள். பெட்டியின் மெமரி சின்னது, பதிவு நிரம்பிவிடும், ஆடிட்டுக்குள் முடியாது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். இந்தச் சின்னப் பெண்களுக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயசானால் தானாகச் சரியாகும்.

என் கட்சிதான் ஜெயித்தது. இனிமேல் எல்லா இடத்திலும் let _ = தான்.

மார்ச் 13

எண்பதுக்கு மேல் முடித்துவிட்டேன். தோள்பட்டை வலி. இரவுக்கு உப்புமா.

மார்ச் 15

முடிந்தது. பில்டு ஓட்டினேன், ஒரு மஞ்சள் எழுத்து இல்லை. துடைத்துவிட்ட அடுப்பங்கரை மாதிரி இருந்தது. ஜெயச்சந்திரன் என் திரையைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் கை நின்றது. பெட்டிக்காகப் போன் அடிக்கும் மோடத்திடம் அலாரத்தை அனுப்பச் சொல்லும் வரி. அதற்கு நேர் கீழே, 'அலாரம் அனுப்பப்பட்டது' என்று பதிவு எழுதும் வரி. ஜெயச்சந்திரனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அவர் கண்ணாடி அறைக்குள் போனில் இருந்தார். என் மகள் இனியாவின் ஸ்கூல் வேன் வரும் நேரம். அங்கேயும் let _ = போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இன்வெர்ட்டர் மறுபடி பீப். அழுத்தினேன்.

மார்ச் 29

ஆடிட் நல்லபடி முடிந்தது. வந்தவர், 'இவ்வளவு சுத்தமான பில்டு பார்த்ததில்லை' என்றாராம். புது வெர்ஷன் எல்லாப் பண்ணைக்கும் போய்விட்டது. இனியாவுக்குக் கணக்குப் பரீட்சை, வகுத்தலில் மீதி எழுத மறந்துவிட்டாளாம். மீதியைத் தூக்கிப் போட்டால் கணக்கு எப்படி வரும் என்று திட்டினேன்.

ஏப்ரல் 9

பல்லடம் பக்கம் ஒரு பண்ணையில் ஒரு செட்டுக் கோழி முழுக்கச் செத்துவிட்டது.

மதியச் சாப்பாட்டின்போது செய்தி வந்தது. நாச்சிமுத்து என்பவருடைய பண்ணை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செட். நேற்று மதியம் இரண்டாவது செட்டுக்கு மட்டும் கரண்ட் டிரிப் ஆகி ஃபேன்கள் நின்றுவிட்டன. அங்கேயே தங்கி வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி இருவரும் முதல் செட்டுக்குள் தீவனம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த செட்டு ஃபேன் இரைச்சலில், பக்கத்தில் இரைச்சல் நின்றது காதில் விழவில்லை. அவர்கள் வெளியே வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சைரன் வைக்கச் சொல்லி நாங்கள் முன்பே கேட்டோம். கோழி மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகும், வேண்டாம் என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். ஆகவே போன் ஒன்றுதான்.

ஜெயச்சந்திரன் உடனே அந்தப் பெட்டியின் பதிவை இறக்கிப் பார்த்தார். 'அலாரம் அனுப்பப்பட்டது' என்று தெளிவாக இருக்கிறது. மூச்சை விட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நம்ம பக்கம் கிளீன். போன் போயிருக்கு, அவங்க எடுக்கல."

நான் தயிர்சாதத்தை மூடி வைத்தேன். வெயில்.

ஏப்ரல் 10

வாடிக்கையாளர் போன் இந்த வாரம் என் முறை. மாற்றி மாற்றி எல்லோரும் ஆபீஸ் மொபைலை வைத்துக்கொள்ள வேண்டும். காலை பத்து மணிக்கு ஒரு பெண் குரல்.

"ஏனுங் அம்மிணி, பெட்டிக் கம்பெனிங்களா? நான் பாப்பாத்தி பேசறனுங்க. நாச்சிமுத்து அண்ணன் செட்டுல இருக்கறமுங்க. எனக்குப் போன் வரவே இல்லீங்."

பதிவில் அனுப்பியதாக இருக்கிறது என்றேன்.

"பதிவு கெடக்குட்டுங்க. என்ற போனு என்ற இடுப்புலதான் இருந்துச்சு. அடிச்சா அதிருமுங்க, தொடை நடுங்கும். அடிக்கவே இல்லீங். நீங்க ஒருக்கா மொதலாளிகிட்டச் சொல்லிப்போடுங்கொ. எங்கள வெளிய போகச் சொல்றாருங்க."

மேலிடத்தில் தெரிவிக்கிறேன் என்று சொன்னேன். வாடிக்கையாளரிடம் சொல்வதற்கென்று எங்களுக்குக் கொடுத்திருக்கும் வாக்கியம் அது.

"செரிங்க. தெரிவிச்சுப்போட்டு எனக்குச் சொல்லுங்கொ. நான் போனக் கையிலயே வெச்சிருக்கேன்."

ஏப்ரல் 11

ரம்ஜான் விடுமுறை. வீட்டில் இருந்தபடியே லேப்டாப்பில் அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன்.

ஒன்றைத் தெளிவாக எழுதிவைத்துக்கொள்கிறேன். நான் கை வைப்பதற்கு முன்பும் அந்தப் பதிலை யாரும் பார்த்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதியது, அவர் இப்போது கனடாவில் இருக்கிறார். கம்பைலர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் அந்த முணுமுணுப்பை நிறுத்தினேன், வேறு எதையும் தொடவில்லை. புரோகிராம் முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடுகிறது. நூற்றுச் சொச்சம் இடத்தில் ஒன்றை மட்டும் யாரால் தனியாகக் கவனித்திருக்க முடியும்?

இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கி வந்து பால்கனியில் வைத்தேன். ஊற்றுவதற்குத்தான் தயாளன் வேண்டும். பேட்டரி மூடி எனக்குத் திறக்க வராது. பலசரக்குக் கடையில் துவரம்பருப்பு நல்லதாக வந்திருக்கிறது. பீளமேட்டுக் கடைக்காரன் கொடுத்ததில் பாதி கல். இனியாவுக்கு வேனல் கட்டி, சந்தனம் உரசிப் போட்டேன்.

ஏப்ரல் 12

பாப்பாத்தி மறுபடி. இந்தமுறை குரல் வேறு மாதிரி இருந்தது.

"தெரிவிச்சீங்களா அம்மிணி?"

இன்னும் இல்லை என்றேன்.

"பண்ணைக்காரங்க குரூப்புல எங்க போட்டோவப் போட்டுட்டாங்களாமுங்க. இவிங்கள யாரும் செட்டுக்கு வெக்காதீங்கன்னு. இனி இந்தச் சுத்துல எவனும் எங்கள வெக்கமாட்டானுங்க. அது கெடக்குட்டுங்க. என்ற ஊட்டுக்காரரே நம்பலீங்க. ரீல்ஸ் பாக்கறதுக்குச் சைலண்டுல போட்டிருப்பே, கோழியக் கொன்னவ நீதான்னு பேசறாரு. மூணு நாளா நான் போட்ட சோத்தத் திங்கலீங்."

அந்தக் குரூப் ஆபீஸ் மொபைலில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். ஒல்லியாக, பெரிய மூக்குத்தி போட்ட ஒரு பெண். பக்கத்தில் பனியன் போட்ட ஆள். ஏதோ கோயிலில் சிரித்துக்கொண்டு எடுத்த படம். அதன் கீழே நாற்பது பேர் கோபப் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

நஸ்ரின் பிரியாணி கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த அலாரம் வரி நீங்க பாத்தீங்களாக்கா, வார்னிங் எடுக்கும்போது?" என்று கேட்டாள்.

"ஞாபகமே இல்லடி" என்றேன்.

பிரியாணி நன்றாக இருந்தது.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. விடியலில் கனி பார்த்தோம். தட்டில் மாம்பழம், வெள்ளரி, கண்ணாடி, கொன்றைப் பூ. வேப்பம்பூப் பச்சடியை இனியா துப்பிவிட்டாள். முழுங்கு, வருஷத்தின் முதல் நாள் கசப்பும் சாப்பிட வேண்டும் என்றேன். "அப்ப நீ சாப்புடு" என்று தன் பங்கையும் என் தட்டில் தள்ளினாள்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் எடுக்கவில்லை. பேட்டரி வறண்டு போய்விட்டதாம், புதுசுதான் போட வேண்டுமாம். தயாளன் வியர்த்துக்கொண்டே, "ஒரு மாசமா பீப் அடிக்கவே இல்லையே, எப்படி?" என்று கேட்டார். "எனக்கென்ன தெரியும்" என்றேன்.

விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது பண்ணை விஷயத்தை அவரிடம் சொன்னேன். வேறு யாரோ செய்த மாதிரித்தான் ஆரம்பித்தேன். பாதியில் 'நான்' என்று வந்துவிட்டது. முழுதும் கேட்டார். அவர் பம்ப் கம்பெனியில் ஃபிட்டிங் பிரிவு பார்ப்பவர். புரோகிராம் தெரியாது.

"அப்ப நீ எதையும் கெடுக்கல."

"இல்ல. சத்தத்தை மட்டும்தான் நிறுத்தினேன்."

"சரி. அப்பறம் எதுக்கு எங்கிட்டச் சொல்ற?"

இந்த மனுஷனுக்குக் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவே வராது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 16

பண்ணைக்குப் போனோம். அறிக்கையை நேரில் கொடுக்க வேண்டும் என்று ஜெயச்சந்திரன் என்னையும் இழுத்துப் போனார். போகும் வழியெல்லாம் வாய்க்கால் வறண்டு கிடந்தது. பண்ணை வாசலில் சுண்ணாம்புத் தூள் கொட்டிய பெரிய மேடு. கோழியெல்லாம் அதன் அடியில்தான். காரின் கண்ணாடி ஏற்றியிருந்தும் நாற்றம் உள்ளே வந்தது.

நாச்சிமுத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. கொட்டகை நிழலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே பாப்பாத்தியும் அவள் புருஷன் ராசுவும் நின்றிருந்தார்கள். சாமான்களை மூட்டை கட்டி அறை வாசலில் வைத்திருந்தார்கள். ராசு அவளை விட்டு நாலு அடி தள்ளி, வேறு யாருடனோ வந்தவர் மாதிரி நின்றார். படத்தில் பார்த்த மூக்குத்தி. சிரிப்பு மட்டும் இல்லை.

ஜெயச்சந்திரன் அறிக்கையை வாசித்தார். செட்டில் கரண்ட் போனது, சூடு ஏறியது, பெட்டி கண்டுபிடித்தது, அலாரம் அனுப்பப்பட்டது. "எங்க பெட்டி தன் வேலையைச் செஞ்சிருக்குங்க" என்று மடித்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

பாப்பாத்தி தன் போனை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மூலையில் விரிசல் விழுந்த போன். "இதுல பாருங்கொ. அன்னைக்கு வந்த போனெல்லாம் இருக்குது. எங்கம்மா கூப்புட்டது இருக்குது, கேஸ்காரன் கூப்புட்டது இருக்குது. பெட்டி கூப்புட்டது எங்கீங்க?"

"அழிச்சிருப்பா" என்றார் ராசு, மண்ணைப் பார்த்துக்கொண்டு.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் குரலை அவள் கண்டுபிடித்திருக்க முடியாது, அதுவரை நான் வாய் திறக்கவில்லை. இருந்தாலும் என்னைத்தான் பார்த்தாள்.

நாச்சிமுத்துவும் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நீங்கதான் அதுக்குள்ள எழுதற ஆளுன்னு சார் சொன்னாரு. நீங்க சொல்லுங்க. படிச்சவங்க நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். போன் போச்சுங்களா, இல்லீங்களா?"

இளநீர் கையில் இருந்தது. ஜெயச்சந்திரன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு மேட்டின் மேல் ஒரு காக்கை.

"பதிவுல அனுப்பினதா இருக்குங்க" என்றேன்.

"அவ்வளவுதானுங்களே" என்றார் நாச்சிமுத்து. பாப்பாத்தி போனை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள். "அந்தம்மாதானுங்க" என்று மெதுவாகச் சொன்னாள், "தெரிவிக்கறேன்னு சொன்ன அம்மா இவியதான்."

திரும்பும் வழியில் ஜெயச்சந்திரன் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். "கரெக்டா சொன்னீங்க கோகிலவாணி. ஒரு வார்த்தை கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

நான் பொய் சொல்லவில்லை. பதிவில் அப்படித்தான் இருக்கிறது.

ஏப்ரல் 17

லீவு. தலைவலி.

ஏப்ரல் 22

நஸ்ரின் யாரும் கேட்காமலே ஒரு சோதனை செய்துவிட்டாள். ஒரு பெட்டியை மொட்டைமாடி வெயிலில் வைத்து, சூடாகவிட்டு, ஃபேன் வயரைப் பிடுங்கினாள். சூட்டில் மோடம் நெட்வொர்க்கை விட்டுவிடுகிறது. போன் போகவில்லை. 'போகவில்லை' என்று மோடம் ஒழுங்காகப் பதிலும் சொல்கிறது. அந்தப் பதில் என் let _ = இல் விழுகிறது. அடுத்த வரி 'அலாரம் அனுப்பப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. கோடை மதியத்தில், எந்த நேரத்துக்கு அலாரம் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் எங்கள் பெட்டிக்கு வாய் அடைக்கிறது.

எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார் என்று காட்ட ஒரு கட்டளை உண்டு. நஸ்ரின் அதை ஓட்டியிருப்பாள். என் பெயர் அதில் இருக்கும். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் சோதனையை மட்டும் விளக்கிவிட்டு உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெயச்சந்திரன் நெற்றியைத் தேய்த்தார். "ஓகே. சரிபண்ணி அடுத்த வெர்ஷன்ல அனுப்பிருவோம். பிழை வந்தா மறுபடி முயற்சி, அதுவும் முடியலன்னா பெட்டில செவப்பு விளக்கு."

"நாச்சிமுத்து பண்ணை ரிப்போர்ட்?" என்று கேட்டேன்.

"அது குடுத்தாச்சே. பழசக் கிளறி என்ன ஆகப்போகுது?"

பிறகு அரை மணி நேரம், மறுமுயற்சியை எந்தப் பாணியில் எழுதினால் பார்க்க அழகாக இருக்கும் என்று பேசினார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. பாத்ரூமில் போய்ச் சிரித்தேன், சிரிப்பு மாதிரித்தான் ஆரம்பித்தது.

ஏப்ரல் 24

நாச்சிமுத்துவுக்கு என் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். போன் போகவில்லை, பெட்டி பொய் எழுதியது, அந்தப் பெண் சொன்னது நிஜம், எங்களுக்கு இப்போது தெரியும் என்று.

அவர் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"அம்மிணி, வேற ஆள் வெச்சாச்சு. புதுக் குஞ்சு நேத்துத்தான் எறங்குச்சு. வேலையாள் தப்புன்னு எழுதிக் குடுத்ததாலதான் கோழிக் கம்பெனிக்காரன் மறுபடி குஞ்சே குடுத்தான். செட்டுல கோளாறு, சைரன் வெக்கலீன்னு தெரிஞ்சா குஞ்சத் திரும்ப ஏத்திட்டுப் போயிருவான்."

"அவங்க பேரு கெட்டுப்போச்சுங்களே."

"ஆமாங்க. பாவம்தான்." குரல் நிஜமாகவே இறங்கியது. "நீங்க இப்பச் சொன்னத நான் கேக்கலீங்க அம்மிணி. வெச்சர்றேன்."

நல்ல மனுஷன் என்று பதினாறாம் தேதி எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. நானும் அப்படியொரு நல்ல மனுஷிதான்.

ஏப்ரல் 25

பாப்பாத்தியைக் கூப்பிட்டேன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாளாம். ராசுவுக்கு இன்னும் வேலை அமையவில்லை. கோழி வேலையைத் தவிர வேறு தெரியாதவர், அறையில் படுத்துக் கிடக்கிறாராம்.

"போன் வரலைன்னு நீங்க சொன்னது நெசம்தாங்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமுங்களே" என்றாள். "எனக்கு எதுக்குங்க சொல்றீங்க?"

அப்புறம், "தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்கொ. எங்க போட்டோவப் போட்ட எடத்துல போடுங்கொ. அதைத்தான் இவரும் தெனம் எடுத்து எடுத்துப் பாத்துட்டுக் கெடக்கறாரு."

ஏப்ரல் 28

போட்டுவிட்டேன்.

ஆபீஸ் மொபைல் மறுபடி என் முறை. மூன்று நாள் எழுதி எழுதி அழித்தேன். நிறுவனம், மென்பொருள், தொழில்நுட்பக் காரணங்கள் என்றெல்லாம் வந்து நின்றது. கடைசியில் இப்படி: 'ஏப்ரல் எட்டாம் தேதி நாச்சிமுத்து பண்ணையில் கோழி இறந்ததற்குப் பாப்பாத்தியும் ராசுவும் காரணம் இல்லை. எங்கள் பெட்டி போன் செய்யவில்லை. செய்ததாகத் தவறாகப் பதிவு எழுதியது. அந்த இடத்தில் வந்த எச்சரிக்கையை நிறுத்தியது நான். பார்த்துத்தான் நிறுத்தினேன். கோகிலவாணி.'

இருநூறு பேருக்கு மேல் பார்த்தார்கள். ஒருவர் கும்பிடு பொம்மை போட்டார். ஒருவர், 'எந்த மாடல் பெட்டி?' என்று கேட்டார். அடுத்ததாக இன்றைய கறிக்கோழி விலை வந்தது, அதற்குக் கீழே எல்லோரும் விலையைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 29

ஜெயச்சந்திரன் கத்தவில்லை. மொபைலை வாங்கிக்கொண்டார், என் பதிவை அழித்தார், அதிலேயே ஒரு வரி எழுதி எனக்குக் காட்டிவிட்டு அனுப்பினார். 'நேற்றைய பதிவைப் பொருட்படுத்த வேண்டாம்.'

"வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பேசிக்கறேன். உங்கள விட்டா இந்தப் புரோகிராம் யாருக்குத் தெரியும்?" என்றார். வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று நேற்று முழுக்கப் பயந்தவளுக்கு இது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 30

பாப்பாத்தி மதியம் கூப்பிட்டாள். பின்னால் வரிசையாகத் தையல் மெசின்கள்.

"பாத்தனுங்க அம்மிணி. பக்கத்து மெசின் புள்ளயோட அப்பன் அந்தக் குரூப்புல இருக்கறாருங்க, அழிக்கறதுக்கு முன்னால போட்டோ புடிச்சு வெச்சுட்டாரு."

"உங்க வீட்டுக்காரர் பாத்தாருங்களா?"

"காட்டுனனுங்க. ரெண்டு தடவ படிச்சாரு."

"என்ன சொன்னாருங்க?"

"இவளக் கெஞ்சி எழுதி வாங்கினயான்னு கேட்டாருங்க. இல்லீன்னேன். அப்பறம் அந்தம்மா செட்டுல எனக்கு எதுக்கத்தானே உக்காந்திருந்தா, கையில எளநீ வெச்சுட்டு, மொதலாளி மூஞ்சியப் பாத்துக் கேட்டாரே, நெசம்னா அன்னைக்கே சொல்லியிருப்பாளேன்னாருங்க."

மெசின் சத்தம் ஓய்ந்து மறுபடி ஆரம்பித்தது.

"அதுக்கு எனக்குப் பதில் தெரீலீங்க அம்மிணி. என்னன்னு சொல்லுங்கொ, அவருகிட்டச் சொல்லிர்றேன்."

நான் பதில் சொல்வதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவள் வைக்கவில்லை. மெசின் இரைச்சலுக்கு நடுவே காதில் போனை அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள், அவள் மூச்சு எனக்குக் கேட்டது. நான்தான் வைத்தேன்.